பீப் சத்தம் கடுகான கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். பதினைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய், கடைசியில் இரண்டு காதிலும் மிஷின் மாட்டியும் வாயைப் பார்த்தால்தான் பேச்சு புரியும் என்றான பிறகு, 2022 ஆகஸ்டில் வலது காதில் காக்லியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள், உள்காதுக்குள் கம்பி விட்டு நரம்பை மின்சாரத்தால் தட்டிக் கேட்க வைக்கும் கருவி. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு நாள் தலைசுற்றல், நாக்கின் ஒரு பக்கத்தில் தகர ருசி. நான்கு வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன், அதாவது கருவியை முதல்முறை ஓட விடும் நாள். முதல்முறை சத்தம் கேட்டு ஆட்கள் அழும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் அழத் தயாராக வந்திருந்தார்கள்.

எனக்குக் கேட்டது பீப் பீப். கருவியைச் சரிசெய்யும் காது நிபுணர், ஆடியாலஜிஸ்ட், வாயைத் திறக்கும்போதெல்லாம் மைக்ரோவேவ் அடித்த மாதிரி. அம்மா பக்கத்தில் வந்து "கேக்குதாம்மா?" என்றார், அதுவும் பீப்தான். வாயசைவைப் பார்த்துத் தலையாட்டி வைத்தேன். அவர் அழுதார், எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில் ஏறத்தாழ 3,500 முடி போன்ற செல்கள் ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்புமாம். என் காதில் அந்த வேலைக்கு 22 எலக்ட்ரோடுகள். அதிலும் கம்பி சுருளின் உள்நுனி வரை போகாது, கட்டைக் குரலுக்கான இடமோ அந்த நுனியில்தான் இருக்கிறது. அதனால் கட்டைக் குரலும் கீச்சுக் குரலுக்கான இடத்தில் போய்த் தட்டுகிறது. என் வீட்டுக்காரர், ஆறடி ஆள், இரண்டு மாதம் கார்ட்டூன் எலி மாதிரிப் பேசினார். மூளை தானாகவே கணக்கை மாற்றிக்கொள்ளும் என்றார்கள், நான் நம்பவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கிருந்தோ டிக் டிக் டிக்கென்று கூர்மையாக ஒரு சத்தம். தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனால் அம்மா தாளித்துக்கொண்டிருக்கிறார், வாணலியில் கடுகு துள்ளுகிறது. அதைப் பார்த்த அந்த நொடியே பீப் கடுகாகிவிட்டது. திரும்பி நின்றேன், அப்போதும் கடுகுதான். மறுநாள் ஹாலில் இருந்தபடியே "கடுகு வெடிச்சிடுச்சு, அடுப்பைக் குறைங்க" என்று கத்தினேன்.

அதற்கப்புறம் எந்தச் சத்தம் கேட்டாலும் இது என்ன, இது என்ன என்று மூன்று வயதுப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். காரின் இண்டிகேட்டர், ஃப்ரிட்ஜ், என் செருப்பே தரையில் தேய்வது. விடியற்காலையில் கூரை மேல் கத்தும் ஹடீடாவை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அந்தப் பறவை எந்த மிஷினிலும் ஹடீடாதான்.

ஆடியாலஜிஸ்ட் கொடுத்த பயிற்சி வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷ். தமிழுக்கு அம்மாதான் வாத்தியார். தினமும் அரை மணி நேரம் பத்திரிகையால் வாயை மறைத்துக்கொண்டு மழை, மலை, பல்லி, பள்ளி என்று சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மாவே ழ-வை ள-வாகத்தான் சொல்வார், ஆகவே அதில் தப்பு வந்தால் மிஷின் தப்பா அம்மா தப்பா என்று சண்டை வரும்.

கரண்ட் போகும் நாட்களில் பேட்டரி சார்ஜ் ஆகாமல் நின்றால் முழு ஊமைப்படம். டர்பன் ஈரக் காற்றுக்கு, காதுக்கு வெளியே மாட்டும் பகுதியான புராசஸரை ராத்திரியில் உலர்த்தும் டப்பாவில் போடாவிட்டால் காலையில் கரகரக்கும்.

2023 காவடிக்குக் கோயிலுக்குப் போனேன். மேளத்தின் அடி ஒன்றுவிடாமல் விழுந்தது. பாட்டுத்தான், வரிகள் மனப்பாடமாகத் தெரிந்தும், ஒரே சுருதியில் யாரோ முனகுவது போல இருந்தது. இன்றைக்கும் பாட்டு பாதிதான் பாட்டு.

எட்டாவது மாதம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து போன் செய்தார். வழக்கமாக மெசேஜ்தான், அன்றைக்கு ஏதோ மறதி. குரல் கட்டையாக, கொஞ்சம் அடைத்தாற்போல இருந்தது. "சளி பிடிச்சிருக்கா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேட்டரி போய்விட்டது என்று காதைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஆமா" என்றார்.