முகவரிப் பட்டியல் எங்களுடையது

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை எட்டு ஆண்டுகள் நடத்திய முகநூல் பக்கம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. ஆனால் அதில் எழுத எங்களில் எவராலும் முடியாது. அதன் ஒரே நிர்வாகியாக இருந்த அங்கத்தவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, பழைய தொலைபேசி இலக்கத்தையும் கைவிட்டதால், தமது கணக்கினுள் நுழையும் வழியை இழந்துவிட்டார். என்றோ முடிந்துபோன ஒன்றுகூடலின் அழைப்பு இன்னும் பக்கத்தின் உச்சியில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மண்டபம் எங்கே என்று தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு.

மிஞ்சியது ஓர் எக்ஸெல் கோப்பு. வெள்ளவத்தையில் நடந்த பொதுக்கூட்டங்களின் வருகைப் பதிவேட்டில் அங்கத்தவர்கள் கிறுக்கிய மின்னஞ்சல் முகவரிகளை, முன்னைய செயலாளர் பொறுமையாகத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். மாதச் செய்திமடல் அந்தக் கோப்பிலிருந்துதான் தொடங்கியது. அனுப்பும் சேவை பிடிக்காவிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறொன்றுக்கு மாறலாம். மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் ஊரடங்கின்போதும் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஓர் அமைப்பு தன் அங்கத்தவர்களை அடையும் ஒரே வழியை அவற்றிடம் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவேட்டில் எழுதியவர்கள் மடலுக்குச் சம்மதித்தவர்கள் ஆகிவிடமாட்டார்கள் என்பதால், முதலில் ஒவ்வொருவரிடமும் விருப்பம் கேட்டோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, இது வெறும் மரியாதை சார்ந்த விடயமும் அல்ல.

தொடக்கத்தில் என் சொந்த ஜீமெயில் கணக்கிலிருந்து, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி போட்டு அனுப்பினேன். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் என்ற எல்லை இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்பே பல மடல்கள் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தன. பிறகு சங்கத்தின் சொந்த இணைய முகவரியிலிருந்து, மடல் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளோடு அனுப்பத் தொடங்கினோம். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருந்தொகையாக அனுப்புவோரிடம் இவற்றையும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாகக் கேட்கின்றன. நாங்கள் அந்த அளவுக்குப் பெரியவர்கள் அல்லர். ஆயினும் செய்து வைத்தோம்.

தமிழில் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடலின் கோப்பளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜீமெயில் மிகுதியை வெட்டி மறைத்துவிடும். யுனிகோடு தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால், அலங்காரம் மிகுந்த வார்ப்புருவில் நீண்ட கட்டுரை போட்டால் அந்த எல்லை விரைவாக வந்துவிடுகிறது. வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அது எண்ணப்படுகிறது. 2021இலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடக்கூடியது. பதிலாக வரும் கடிதங்களையே எண்ணுகிறேன். சென்ற மாதம் ஐந்து வந்தன. ஒன்றில், விடுதிப் படத்தில் நான் பிழையாகப் பெயரிட்ட மூவரை மெல்பேர்னிலிருந்து ஒரு மூத்த மாணவர் திருத்தியிருந்தார்.

அதே மாதம் இருவர் விலகினார்கள். ஒருவர் எங்கள் பொருளாளர். "தம்பி, எனக்கு வட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கோ" என்றார்.