இருந்தனான்

"இருந்தனான், சேர்."

கேள்விக்கு அந்தப் பிள்ளை சொன்ன முழுப் பதிலும் இவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லும்போது என் பாட்டுக்கு இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டேன்: "அற் ஹோம்." வீட்டில் இருந்தவவாம்.

2012 யூன் மாதம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ நேர்முகப் பரீட்சைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்டேன். வந்தவர்களில் பாதிப்பேரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை. இந்த ஒரு பதிலையும், அதை நான் மாற்றிச் சொன்ன விதத்தையும் மட்டும் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போர் முடிந்து ஏ9 பாதை திறந்து, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் வங்கிக் கிளைகளும் லீசிங் கொம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். எங்களுடையதும் அப்படி வந்ததுதான். கவுண்டருக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், பதினொரு பேரைக் கூப்பிட்டிருந்தோம். கொழும்புத் தலைமையகத்தில் இருந்து மனிதவள அதிகாரி வந்திருந்தார். ஐம்பது தாண்டிய சிங்களவர். தமிழ் தெரியாது. ஆனாலும் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் கதிரையை விட்டு எழும்பி வணக்கம் சொன்னவர். பிழையை அவருடைய தலையில் போட்டுவிட்டுப் போக எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நடுவில் பிராந்திய முகாமையாளர். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்கு உதவியாக ஓரத்தில் நான்.

அந்தப் பிள்ளை ஏழாவதாக வந்தது. விலாசம் விசுவமடு. வர்த்தகப் பிரிவு, 2007 இல் ஏ.எல்., இரண்டு பீ, ஒரு சீ. அடுத்த வரி 2010 கடைசியில் படித்த கணினி வகுப்பு. அதற்குப் பிறகு ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் சோதனையின் முதற் பகுதி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டோம். பிளாஸ்ரிக் பைலுக்குள் இருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டியது. லமினேற் செய்திருந்தது. லமினேற் செய்வதற்கு முன்பே அந்தத் தாள் நனைந்து காய்ந்திருக்க வேண்டும். நாலாக மடித்த கோடுகள் வெளிறிப் போய், மடிப்புகள் சந்திக்கிற இடத்தில் சிறு ஓட்டை விழுந்திருந்தது. முத்திரையின் ஊதா மை ஊறிப் பரவி, எழுத்துகளில் பாதியை வாசிக்க முடியவில்லை. கீழ் மூலையில் மண் நிறத்தில் ஒரு கறை. அதிகாரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "லமினேற் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள், உறுதிப்படுத்தக் கஷ்டம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் சொன்னேன். பிள்ளை தலையாட்டியது.

எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று தெரியாது, ஆனால் அது எந்த வழியால் வந்திருக்கும் என்று தெரியும். 2009 சனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்த பிறகு விசுவமடுச் சனத்துக்கு இருந்தது கிழக்குப் பக்கம் ஒன்றுதான். உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பிறகு முள்வேலி முகாம். சட்டி பானையை எல்லாம் விட்டுவிட்டு ஓடிய தாய்மார்கூட பிறப்புச் சான்றிதழையும் சோதனைச் சான்றிதழையும் பொலித்தீன் பைக்குள் கட்டி உடுப்புக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அப்படிக் கட்டியும் நனைந்த தாள்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அன்று எங்கள் மேசையில் கிடந்தது.

புள்ளித்தாளில் அச்சடித்த ஒரு வரி உண்டு: படிப்பிலோ வேலையிலோ இடைவெளி இருந்தால் அதற்கு விளக்கம். பத்துப் புள்ளி. கொழும்பில் யாரோ தயாரித்த தாள். கண்டிக்கும் காலிக்கும் அதுதான், யாழ்ப்பாணத்துக்கும் அதுதான். அதிகாரி எல்லாரிடமும் கேட்ட மாதிரியே இந்தப் பிள்ளையிடமும் கேட்டார். 2007 க்கும் 2010 க்கும் இடையில் என்ன செய்தீர்கள்?

நான் தமிழில் கேட்டேன். "தங்கச்சி, 2007 சோதினை எடுத்த பிறகு 2010 வரைக்கும் என்ன செய்தனீங்கள்?"

"இருந்தனான், சேர்."

யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கண்டு "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால் "இருக்கிறம்" என்பார்கள். அத்தோடு சரி. எங்கே, எப்படி என்று மேற்கொண்டு எவரும் கிண்டுவதில்லை. கிண்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைத்தான் இறந்தகாலத்தில் சொன்னது. சாகாமல் இருந்தேன் என்பதும் அதற்குள் இருக்கிறது, மிச்சத்தைக் கேட்காதேயுங்கோ என்பதும் இருக்கிறது. தமிழில் அது முழுப் பதில். ஆங்கிலத்தில் "ஷீ வோஸ்" என்றதோடு நிறுத்த முடியவில்லை. எங்கே என்று அந்த வசனம் கேட்டுக்கொண்டு நின்றது. மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "அற் ஹோம்" என்று முடித்துவிட்டேன்.

பிள்ளைக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். குனிந்திருந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. பிறகு மேசையில் கிடந்த சான்றிதழைப் பார்த்தது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

வீடு என்ற சொல் எனக்கு எப்படி வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தக் காலம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போன ஒன்றைத் தேடி எடுத்துப் பதிலில் வைத்திருக்கிறேன்.

எனக்கென்று நியாயம் இருந்தது. 2012 இல், கடைசிப் போர் நடந்த வன்னி என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போன காலத்தை அந்த வயதில் கடந்த பிள்ளை. "நீங்களும் அதில் இருந்தீர்களா?" என்று கேட்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கேட்காவிட்டாலும் அந்தச் சந்தேகம் புள்ளித்தாளில் வந்து உட்காரும். வன்னிச் சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அந்த வருடம் செப்ரெம்பர் கடைசியில்தான் மூடப்பட்டது. நாங்கள் நேர்முகம் வைத்த அன்றும் அங்கே சனம் இருந்தது. அப்படியொரு நேரத்தில் ஒரு பிள்ளையை ஒரு கேள்வியில் இருந்து காப்பாற்றினேன் என்று வருடக்கணக்காக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காப்பாற்று என்று பிள்ளை கேட்கவில்லை. ஒளிக்க நினைத்திருந்தால் ரியூஷன் கொடுத்தேன், தையல் பழகினேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்று வந்தவர்களில் இரண்டு பேர் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான், அந்தப் பிள்ளையின் பெயரில்.

ஆனாலும் மறுபடி யோசிக்கிறேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? "முகாமில் இருந்தவ" என்று நானாகச் சொன்னால் அதுவும் சேர்த்துச் சொன்னதுதானே. அந்தப் பிள்ளை சொல்லாததை நான் ஊகித்துச் சொல்வது எந்த வகையில் நியாயம்? "எங்க இருந்தனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அறிமுகமில்லாத மூன்று ஆண்களுக்கு முன்னால், கவுண்டர் வேலை ஒன்றுக்காக, அந்த மாதங்களைப் பற்றி வாய் திறக்க வேண்டி வரும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைக்காக வரவில்லையா, எனக்காக வரவில்லையா என்பது வேறு கேள்வி.

எனக்காகவும்தான். அந்த வருடங்களில் நான் குடாநாட்டுக்குள் இருந்தவன். 2006 ஓகஸ்ட் 11 இல் பாதை பூட்டிய பிறகு எங்களுக்கும் கஷ்டம்தான். ஊரடங்கு, சாமான் தட்டுப்பாடு, கொழும்புக்குப் போகக் கிளியறன்ஸ் எடுத்துக் கப்பலுக்கும் பிளேனுக்கும் வரிசை. ஆனால் என் சான்றிதழ்கள் அலுமாரியில் காய்ந்தபடி இருந்தன. 2009 மே மாதம் நான் வேலைக்குப் போய் வந்தேன், பின்னேரம் தேத்தண்ணி குடித்தேன். ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பற்றி நாங்கள் மெதுவாகக் கதைத்தோம், பிறகு கதைப்பதையும் விட்டோம். அந்தப் பிள்ளையிடம் "எங்க இருந்தனீங்கள்?" என்று கேட்டால், "நீங்கள் எங்க இருந்தனீங்கள்?" என்று அது திருப்பிக் கேட்டிராது. ஆனால் எனக்குள் கேட்டிருக்கும்.

இத்தனைக்கும் இடைவெளி என்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நடந்தவன். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அசைய முடியாத நெரிசல். அந்த டிசம்பரில் ஓ.எல். எழுத இருந்தேன். அடுத்த வருடம்தான் எழுதினேன். என் விண்ணப்பங்களில் அந்த வருடம் வெளியே தெரியாது. ஒரு வருடம் பிந்தியதை எவரும் கணக்குப் பார்த்துக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என்னுடைய இடைவெளி ஒரு வருடம் என்றபடியால் மறைந்தது. அந்தப் பிள்ளையுடையது மூன்று வருடம் என்றபடியால் தாளில் வெள்ளையாகத் தெரிந்தது.

சரி, இதுவரைக்கும் நடந்ததை ஒரு நிமிடத் தடுமாற்றம் என்று மன்னிக்கலாம். என்னைத் தூங்கவிடாதது அதற்குப் பிறகு நடந்தது.

பதினொராவது ஆள் போன பிறகு தேத்தண்ணி வந்தது. புள்ளித்தாள்கள் மேசையில்தான் கிடந்தன, இன்னும் கூட்டவில்லை. அதிகாரி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாவது விண்ணப்பத்தை மறுபடி எடுத்தார். விசுவமடு எந்தப் பக்கம் என்று கேட்டார். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பாதையில் என்று சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் அந்த நேரம் அங்கே வீட்டில் இருந்திருக்க முடியாதே. அந்தப் பிள்ளை அப்படியா சொன்னது?"

எனக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது. இல்லை சேர், இருந்தேன் என்று மட்டும்தான் சொன்னது, வீடு நான் சேர்த்தது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அவர் உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். அவருடைய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஓம் சேர், அப்படித்தான் சொன்னது" என்றேன்.

அவர் தாளைக் கீழே வைத்தார். அந்த வரியில் அவர் போட்டிருந்தது 2. நான் போட்டது 8. பிராந்திய முகாமையாளர் 5. மூன்று பேரின் புள்ளிகளையும் கூட்டியபோது அந்தப் பிள்ளை மூன்றாவது. இரண்டாவதாக வந்தவருக்கும் அதற்கும் ஐந்து புள்ளி வித்தியாசம். அதிகாரி தன்னுடைய 2 ஐ 8 ஆக்கியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். இதைச் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும்: இரண்டாவதாக வந்த பெடியனும் நல்லாகச் செய்தவன், கணினியில் கை வேகம். பின்னாளில் எங்கள் கிளையின் மிக நம்பிக்கையான ஆட்களில் ஒருவனாக இருந்தான். அவனுடைய இடத்தை அநியாயமான இடம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. அவனுக்கும் அம்மா அப்பா, கலியாணத்துக்குத் தங்கச்சிமார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய்க்காரன் ஆகிவிடுவேன் என்ற பயம்தான். பிராந்திய முகாமையாளர் பக்கத்தில் இருந்தார், எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்த நேரம். முதல் தடவை சேர்த்த இரண்டு சொல்லுக்கு அந்தப் பிள்ளையின் நன்மை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். இரண்டாவது தடவைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இப்போது நான் குழுவில் இருந்தால் இடைவெளிக் கேள்வியைக் கேட்பதில்லை. புள்ளித்தாளில் அந்த வரிக்கு எல்லாருக்கும் ஒரே அளவு போட்டுவிடுவேன். இது சரியான வழி என்று பல வருடம் நம்பினேன். போன வருடம் என்னோடு குழுவில் இருந்த இளம் பிள்ளை ஒருத்தி, தானும் வன்னியில் வளர்ந்தவள், நேர்முகம் முடிந்து கோப்புகளைக் கட்டும்போது கேட்டாள்: "அண்ணை, நீங்கள் கேக்காட்டி அவை எப்பிடிச் சொல்லுறது? சொல்ல விருப்பமான ஆக்களும் இருப்பினம்தானே."

எனக்குப் பதில் வரவில்லை. அப்படிச் சொல்ல விரும்புகிறவர்களுக்கு நான் மறுபடியும் "அற் ஹோம்" என்று போட்டுக்கொண்டிருக்கிறேனா? கேட்பது கொடுமை என்று நினைத்து நிறுத்தினேன். கேட்காதது என் வசதிக்காகவா என்று இப்போது தெரியவில்லை. கொரோனா வந்த 2020 இலும் பொருளாதார நெருக்கடி வந்த 2022 இலும் வேலை போய், படிப்பு நின்று, விண்ணப்பத்தில் வெள்ளை விழுந்த பிள்ளைகள் இனி நிறைய வருவார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று இன்னும் நான் முடிவெடுக்கவில்லை.

அந்த அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார். சித்திரைப் புதுவருடத்துக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன். இந்த வருடமும் அனுப்பினார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். "இருக்கிறம்" என்று எழுத நினைத்து, அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், கைப்பேசியைக் கனநேரம் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.