டிட்டோ எம்போவெனியும் எங்கள் வீட்டுக் கடனும்

2024 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் டிட்டோ எம்போவெனி காலமானபோது, இங்கே டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் எல்லார் வாயிலும் அவருடைய டின் மீன் சமையல்தான். ட்விட்டரில் படம் போடுவாரே, பூண்டை அள்ளிக் கொட்டி! கறிவேப்பிலை, பச்சை மிளகாய் இல்லாமல் அது என்ன டின் மீன் என்று என் அத்தைக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு அவர் என்றால் 2002தான். மண்டேலா அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர், 1999இல் ரிசர்வ் வங்கியின் முதல் கறுப்பின ஆளுநரானார். மறு வருஷமே பணவீக்கம் 3 முதல் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. 2001 டிசம்பரில் எங்கள் நாணயமான ராண்ட் சரிந்து டாலர் 13 ராண்டைத் தாண்ட, விலைவாசி எகிறியது. அதை அடக்க மனிதர் 2002இல் நான்கு தடவை வட்டியை ஏற்றினார், தடவைக்கு ஒரு சதவீதம். ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 13.5 சதவீதம்; வங்கிகள் எங்களுக்குத் தரும் கடனுக்கு அடிப்படையான பிரைம் வட்டி 17. வீட்டுக் கடன் தவணை கட்டினால் மளிகைக்குக் கையைப் பிசைய வேண்டும். அப்பா ரேடியோவில் அவர் குரல் கேட்டாலே அணைத்துவிடுவார்.

ஆனாலும் வட்டியை ஏற்றியது சரி என்றே சொல்வேன். 2003 முடிவதற்குள் ரெப்போ 8க்கு இறங்கிவிட்டது. அதைவிடப் பெரிய வேலை, யாரும் பேசாதது: 1998 நெருக்கடியில் ராண்டைக் காப்பாற்ற, கையில் இல்லாத டாலரைப் பிறகு தருவதாக ரிசர்வ் வங்கி விற்றுக் குவித்திருந்த பாக்கி. அதைச் சிறுகச் சிறுக டாலர் வாங்கி அடைத்தார், கையிருப்பையும் வளர்த்தார். வட்டியை ஏற்றியதற்காகத் தொழிற்சங்கத்துக்காரர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. 2018இல் நிதியமைச்சராக வந்தபோதும் அவர்களோடு சண்டைதான்.