கிளச் கேபிள் மாற்றிய வாரம்

ஜூலை 13, சனி

என் ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளுக்கு இன்று வழக்கமான பராமரிப்பு. எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கிப் பழைய எண்ணெயை வடித்தேன். காற்று வடிகட்டியில் கச்சான் காற்று அள்ளிவந்த புழுதி அப்பிக் கிடந்தது. செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, தளர்வை 25 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். இவை கைக்குப் பழகிய வேலைகள்.

கிளச் பிடியின் அச்சாணிக்குக் கிறீஸ் வைப்பதற்காக அங்கிருந்த ரப்பர் உறையைப் பின்னே தள்ளினேன். கேபிளின் உள்கம்பியில் சில இழைகள் அறுந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பிடியின் குழிக்குள் அமரும் முனையில், ஈயக் குமிழுக்குள் கம்பி நுழையும் இடத்திலேயே அறுந்திருந்தது. அண்மைக் காலமாகப் பிடி கனத்துத்தான் இருந்தது. காரணம் இப்போது கண்முன்னே.

கிளச் கேபிள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறும். பிடியை அழுத்தும்போது ஈயக் குமிழ் தன் குழிக்குள் சுழல வேண்டும். குழி காய்ந்து துருவேறினால் குமிழ் சுழலாது. அதற்குப் பதிலாகக் கம்பி வளையும். ஒரே புள்ளியில் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, இழை ஒவ்வொன்றாக முறியும். முதல் இழை முறிந்ததும் மீதி இழைகளின் சுமை கூடுகிறது. ஆகவே பின்னால் வரும் முறிவுகள் விரைவாக வரும்.

நான் வேலைக்குப் போகும் வழியும் கேபிளுக்கு உகந்ததல்ல. சீனக்குடா, வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலம். 2009 இல் அந்த 396 மீற்றர் பாலம் திறக்கப்படும்வரை மோட்டார் சைக்கிளைப் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்ந்தோம். இப்போது நேரே ஓடிவிடலாம், ஆனால் உப்புக் காற்று மட்டும் அன்றுபோலவே வீசுகிறது. திருகோணமலையில் எந்தத் திசையில் ஓடினாலும் கடலோ குடாவோ பக்கத்தில் வந்துவிடும். எண்ணெய் மாற்றுவதை மறக்காத நம்மவர்கள் கேபிளைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வண்டியில் மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. அது அறுந்தால் நடுவீதியில் நிற்கப்போவது முழு வண்டியும்.

ஜூலை 14, ஞாயிறு

உதிரிப்பாகக் கடை பூட்டு. மற்றக் கேபிள்களைக் கவனிப்பதற்கு நல்ல நாள்.

ஒரு குழாய்க்குள் ஒரு கம்பி, இவ்வளவுதான் கேபிள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெளி உறையும் வேலை செய்கிறது. அது வெறும் பிளாஸ்ரிக் அல்ல. உள்ளே சுருளாகச் சுற்றிய உருக்குக் கம்பி இருக்கிறது. உள்கம்பி இழுபடும்போது அந்தச் சுருள் அதே அளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் வளைந்து நெளிந்து போனாலும் கையின் விசை மறுமுனையை அடைகிறது. ஏர்னஸ்ட் பௌடன் 1896 இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டை விட எளிதான ஒன்று நம் வண்டிகளுக்கு இன்னும் வரவில்லை. சுருள் நசுங்கினாலோ, உறை வெடித்துத் தண்ணீர் புகுந்தாலோ, உள்கம்பி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

முன் பிரேக் கேபிள் பழைய வகை, உள்ளே வழுக்குப் பூச்சு இல்லாதது. அதன் மேல்முனையைக் கழற்றி, பொலித்தீன் துண்டைப் புனலாகச் சுற்றி, நாடா ஒட்டி, மெல்லிய எஞ்சின் எண்ணெயைச் சிறிது ஊற்றி மாமரக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கீழ்முனையில் எண்ணெய் சொட்டத் தொடங்கப் பின்னேரமாகிவிட்டது. முதலில் வந்தது கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த நீர். பின்புதான் தெளிந்த எண்ணெய்.

மாலையில் வண்டி திருத்தும் கராஜ் பாஸ் வீட்டுப்பக்கம் வந்தார். புதுக் கிளச் கேபிளுக்கும் இப்படி எண்ணெய் விடலாமா என்று கேட்டேன்.

“புதியவற்றுக்கு உள்ளே நைலோன் குழாய் இருக்கிறது, தம்பி. எண்ணெய் வேண்டாம், கிறீஸ் வேண்டவே வேண்டாம். கிறீஸ் புழுதியைப் பிடித்துப் பசையாகிவிடும். இரண்டு முனைக் குமிழுக்கும் மட்டும் வையுங்கள்.”

நூறு வண்டி பார்த்தவரின் பேச்சு அது. அப்படியே செய்வேன்.

ஜூலை 15, திங்கள்

அறுந்த இழைகளோடு பாலம் தாண்ட மனம் வரவில்லை. பஸ்ஸில் போனேன்.

அலுவலகத்தில் கிண்ணியா நானாவிடம் கேபிள் கதையைச் சொன்னதும் அவர் தன் கதையைத் தொடங்கினார். வெள்ளைமணல் தாண்டி வந்துகொண்டிருந்தபோது அவருடைய கிளச் கேபிள் ஒரே இழுப்பில் அறுந்துவிட்டதாம். தள்ளிக்கொண்டு போகவில்லை. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, காலால் உந்தி வண்டியை உருளவைத்து, வேகம் பிடித்ததும் முதல் கியரைப் போட்டிருக்கிறார். வண்டி ஒரு குதி குதித்துப் பிறகு ஓடத் தொடங்கியது. அதன்பின் கியர் ஏற்றும்போதெல்லாம் அக்சிலேற்றரை நொடிப்பொழுது விட்டு, பல்சக்கரத்தின் இறுக்கம் தளரும் அந்தக் கணத்தில் காலை அழுத்தியிருக்கிறார். நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

“தம்பி, இது வீடு போய்ச் சேர மட்டும். சந்தியில் செய்யாதீர்கள்” என்றும் சொன்னார். கியர்ப்பெட்டிக்கும் அது கெடுதல்.

திரும்பும் வழியில் கேபிள் வாங்கினேன். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறுபடும். ஆகவே இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளி உறையின் நீளம், நேராக்கிப் பிடித்தபோது வெளியே தெரியும் உள்கம்பியின் நீளம், குமிழின் பருமன் மூன்றையும் ஒப்பிட்டேன். கடைக்காரர் முதலில் தந்த மலிவான கேபிளை வளைத்து உள்கம்பியை இழுத்தபோது கரகரத்தது. வேண்டாமென்று, விலை கூடியதை எடுத்தேன். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

திருகு இறுக்கும் தற்காலிகக் குமிழ் ஒன்றையும் அவர் காட்டினார். அறுந்த கம்பியில் பூட்டி ஓடலாம். வழியில் உதவும் பொருள், பைக்குள் இருக்கட்டும் என்று வாங்கினேன். அதைப் பூட்டியபடி மாதக்கணக்கில் ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. திருகு கடித்த இடத்திலேயே கம்பி மறுபடியும் நைந்துபோகும்.

ஜூலை 16, செவ்வாய்

கேபிள் மாற்றியாயிற்று.

பழையதைக் கழற்றும்போதே அதன் கீழ்முனையில் நீளமான நைலோன் கயிறு கட்டி மேலே உருவியிருந்தேன். கேபிள் வெளியே வர, அது போன வழியில் கயிறு நின்றது. இன்று புதியதை அதில் கட்டி, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல இழுத்தேன். இடது ஹாண்டிலிலிருந்து முன்கழுத்தைச் சுற்றி எஞ்சினின் வலப்பக்க மூடி வரைக்கும் பழைய வழியிலேயே போய்ச் சேர்ந்தது. இந்த வழி முக்கியம். ஒரு வளைவு கூர்மையானால் பிடி கனக்கும். சிலிண்டரைத் தொட்டால் உறை உருகும்.

பிடியின் குழியை மணல்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தேன். இதைச் செய்யாமல் புதுக் கேபிள் போடுவது வீண். குமிழுக்குக் கிறீஸ் தொட்டு வைத்து, சரிசெய்யும் திருகிலும் பூட்டு நட்டிலும் உள்ள வெட்டுகளைப் பிடியின் வெட்டோடு நேராக்கிக் கம்பியை உள்ளே விட்டேன். மேல் திருகை ஏறக்குறைய முழுவதும் உள்ளே திருப்பிவிட்டு, கீழ்முனை நட்டுகளால் பெரும்பகுதித் தளர்வைச் சரிசெய்தேன். மேலே உள்ளது பின்னாளைய நுண்ணிய திருத்தத்துக்கு இருக்க வேண்டும்.

பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். 15 இல் நிறுத்தினேன். அசைவே இல்லாவிட்டால் கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, தட்டுகள் தேயும். அதிகமானால் முழுதாக விடாது, கியர் கரகரக்கும், நியூட்ரல் அகப்படாது. கடைசியாக ஹாண்டிலை இருபுறமும் எல்லைவரை திருப்பிப் பார்த்தேன். அசைவின் அளவு மாறவில்லை. எஞ்சினை ஓடவிட்டும் திருப்பினேன். வேகம் ஏறவில்லை, அக்சிலேற்றர் கேபிளும் எதிலும் சிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

பாலம் தாண்டி வேலைக்குப் போய் வந்தேன். பிடி இரண்டு விரலுக்கு அடங்குகிறது. சீனக்குடாப் பக்கம் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தபோதுகூட இடது மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஜூலை 20, சனி, போயா (பௌர்ணமி) விடுமுறை

புதுக் கேபிளின் உறை முனைகள் தம் இருக்கையில் அமர்ந்து அசைவு சற்றுக் கூடியிருந்தது. எதிர்பார்த்ததுதான். மேல் திருகில் சிறிது திருப்பி, பூட்டு நட்டை இறுக்கினேன்.

பத்து மணிக்கு நானா தன் வண்டியோடு வந்துவிட்டார். அவருடைய கிளச் கேபிளில் குறையில்லை. முன் பிரேக் கேபிளின் உறை ஹாண்டிலுக்குக் கீழே வெடித்து, உள்ளிருந்த சுருள் துருவேறித் தெரிந்தது. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, திறந்திருக்கும் கடையைத் தேடிப் போனோம். அவருடைய வண்டியைத் தொடவிடவில்லை. பிரேக் கேபிள் மாற்றியபின்தான் சாவியைக் கொடுத்தேன்.