சுவரில் எறிந்த போன்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், சிம், ரிப்பேர், போட்டோகொப்பி. டிஸ்பிளே உடைந்து வருகிற பொம்பளப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பஸ்ஸுல விழுந்துருச்சு அக்கா."

கைதவறி விழுந்த போனில் பெரும்பாலும் ஒரு மூலைதான் உடைந்திருக்கும். ஓங்கிச் சுவரில் அடித்தது அப்படியில்லை. கண்ணாடி நடுவில் நொறுங்கி, பிரேமும் வளைந்து கிடக்கும்.

தீபாவளி முடிந்து அப்படியொரு போனோடு வந்தாள் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. ஏ.எல். படிக்கிறாள். அவள் விரும்புகிற பையனுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை. தினமும் ராத்திரி வீடியோ கோல் எடுப்பானாம். "போனைத் திருப்பு, வாசலைக் காட்டு, பக்கத்துல யாரு?" இவள் இருக்கிற லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடையாது, கோயிலுக்கு மேலே ரோட்டுக்கு ஏறிப் போக வேண்டும். மழை நாளில் போக முடியாது. அன்றைக்கெல்லாம் "எவன்கூட இருந்த?" என்று தொடங்கி, எழுதக் கூசும் வார்த்தைகள். லீவுக்கு வந்தவன் போனை உடைத்ததோடு விடவில்லை, கையையும் முறுக்கியிருக்கிறான். மணிக்கட்டில் விரல் தடம் பதிந்திருந்தது.

போனை எடுக்க அம்மாவும் கூட வந்தார். "ஆம்பளப் புள்ள கோவப்படத்தான் செய்யும். இவதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார். விடியக்காலையில் மலையேறிக் கொழுந்து பறித்து வீட்டைத் தாங்குகிற மனுஷி அவர். அவருக்கும் இதைத்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது.

"அக்கா, இந்த லொக்கை எடுத்துத் தாங்க" என்று பெண்பிள்ளையின் போனைக் கொண்டுவரும் பையன்களும் உண்டு. முடியாது என்பேன். "அவ என் ஆளுதானே?" என்பான். பத்தொன்பது வயதுகூட இருக்காது. அப்பா அம்மாவை நடத்துவதைப் பார்த்தே வளர்ந்தவன். விட்டுக்கொடுத்தால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்ற பயம் வேறு. ஆனால் "அவ எடுக்கலன்னா படிக்கிறாளாயிருக்கும்" என்று சொல்லி ரீலோட் போட்டுவிட்டுப் போகிற பையனும் இதே தோட்டங்களில்தான் இருக்கிறான். ஆம்பளப் புத்தி என்று எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்க என்னால் முடியாது.

இலங்கையில் 2019இல் எடுத்த தேசிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகத் தெரியவந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவி, முன்னாள் கணவன் மனைவி, சேர்ந்து வாழ்கிறவர், பெற்றோர், கூடப்பிறந்தவர் போன்ற குடும்ப உறவுகளைப் பற்றித்தான் பேசுகிறது. வேறு வேறு வீட்டில் இருக்கிற காதலர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அதற்காக யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடிப்பதும் மிரட்டுவதும் எப்படியும் குற்றம், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். உதவிக்குப் போன் எடுக்க, பெண்களுக்கு 1938 என்ற நம்பர், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1929. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'மிதுரு பியச' என்ற நட்பு நிலையம் இருக்கிறது, அங்கேயும் பேசலாம்.

அந்தப் பிள்ளை இன்னும் அவனை விடவில்லை. விடு என்று நானும் நெருக்கவில்லை. பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தேன், லொகேஷனை நிறுத்தினேன், மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவள் நம்புகிற சித்தியின் போனுக்கு அனுப்பி வைத்தோம். உங்களுக்கும் இது தேவையென்றால் கடைக்கு வாங்க. இந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை.