டவுட்டில் உட்கார்ந்திருக்கும் பி

என் டியூஷனில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 'டவுட்' என்ற சொல்லை முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது 'டவுப்ட்' என்றுதான் படிப்பார்கள். "பி சைலன்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வாத்தியார் வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சைலன்ட் என்றால் ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டது என்றுதானே தோன்றும்? 'நைஃப்' சொல்லின் முதலில் நிற்கும் கே அப்படித்தான். பழைய இங்கிலாந்தில் அதை உச்சரித்தார்கள். இந்த பி அந்த ரகம் இல்லை. பிற்பாடு கொண்டுவந்து உட்கார வைத்தது.

சொல் வந்தது பிரெஞ்சு வழியாக. லத்தீனில் 'துபிதாரே' என்று இருந்தபோது பி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பேசிப் பேசியே அதைத் தேய்த்துவிட்டார்கள். இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது பி கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் காலத்து எழுத்து டி-ஓ-யு-டி-இ. எழுதுவதும் சொல்வதும் ஒன்றுபோல இருந்தது. அது பொறுக்குமா? லத்தீன் படித்தவர்களுக்குத் தாங்கள் படித்தது ஊருக்குத் தெரிய வேண்டும். மூலச் சொல்லில் பி இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் செருகினார்கள். 'டெட்', அதாவது கடன், அதிலும் இப்படித்தான் பி ஏறியது. 'ரிசீட்'டுக்கு ஒரு பி கிடைத்தது, இது மற்றொரு பி, 'பேனா'வின் பி. ஆனால் அதே குடும்பத்தில் பிறந்த 'டிசீட்'டுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஸ்பெல்லிங் தப்பு விடுகிறார்கள் என்று திட்டுகிறோமே, இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது? 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது லத்தீனிலிருந்து வந்ததே இல்லை, சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் வழி வந்த 'ஐல்', அதுவும் தீவுதான், பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அதற்கும் ஓர் எஸ் போட்டுவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் கொஞ்ச காலம் அந்த பி-யை எழுதிப் பார்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கூத்து தெரிந்தே இருந்தது. 1598-இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்று ஒரு பள்ளி வாத்தியார் வருகிறார். ஜனங்கள் பி-யை விழுங்கிவிட்டு 'டவுட்' என்கிறார்களே, 'டெட்' என்கிறார்களே, மொழியைச் சித்திரவதை செய்கிறார்களே என்று பொருமுவார். அரங்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதற்கென்றே எழுதிய பாத்திரம். ஆக, 'டவுப்ட்' என்று படிக்கும் என் ஆறாங்கிளாஸ் பையன் ஹோலோஃபெர்னஸ் கட்சி.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

அந்த லத்தீன் சொல்லுக்குள் இருப்பது 'துவோ', இரண்டு. ஜெர்மனில் சந்தேகத்துக்குச் சொல்லும் 'ட்ஸ்வைஃபெல்' என்பதிலும் இரண்டுதான் இருக்கிறது. நாமும் "ரெண்டு மனசா இருக்கு" என்கிறோம். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது இல்லையா? அதில் ஐயவினாவுக்கு எடுத்துக்காட்டு: பாம்போ, கயிறோ? இரண்டு பொருள் கண்முன் நிற்க வேண்டும், எது என்று தீரக் கூடாது. இங்கிலாந்துக்காரர் 'டவுட்' என்று சொல்லும்போது மனதில் இருப்பது அநேகமாக இதுதான். நம்ம பிள்ளை கை தூக்கி "மிஸ், ஒரு டவுட்" என்றால் அது ஐயவினா இல்லை, அறியாவினா. பாம்பும் தெரியாது, கயிறும் தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறது.

இந்த வித்தியாசம் வகுப்பறையில் யாரையும் கடிக்காது. வெளியே கடிக்கும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஐடி வேலையில் இருக்கிறாள். லண்டன் கிளையன்ட்டிடம் மீட்டிங்கில் "ஐ ஹேவ் எ டவுட்" என்றிருக்கிறாள். அந்த ஆள் தன் திட்டத்தையே இவள் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டார். இவள் கேட்க வந்தது ஒரு தேதி.

இன்னொரு சிக்கல் நம் 'சந்தேகம்'. "அவன்தான் பேனாவை எடுத்திருப்பான்னு சந்தேகம்" என்பதை அப்படியே 'ஐ டவுட்' போட்டு எழுதுவார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது தலைகீழ்: அவன் எடுத்திருக்க மாட்டான் என்று ஆகிவிடும். அங்கே வர வேண்டியது 'சஸ்பெக்ட்'. சிவப்பு மையில் சுழிக்கிறேன், ஆனால் முழு மனதோடு இல்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெய்ன்' என்றால், மழை வரும் போலிருக்கே என்று பொருள். 1660-களில் டயரி எழுதிய சாமுவேல் பீப்ஸும் 'அப்படி ஆகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது' என்ற இடங்களில் 'ஐ டவுட்' என்றுதான் எழுதுகிறார். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அச்சம் என்ற பொருளும் இருந்தது. 'ரிடவுட்டபிள்', அதாவது அஞ்சத்தக்க, என்பதில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'ஐ ஹேவ் எ டவுட்' என்பது இந்தியர்களின் தப்பு என்று காமன் எரர்ஸ் புத்தகங்கள் பட்டியல் போடுகின்றன. பரீட்சையிலும் வெளிநாட்டு மீட்டிங்கிலும் 'க்வெஸ்சன்' என்று சொல்லுங்கள் என்பேன். தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், தானியேல் ஐந்தாம் அதிகாரத்தில், தானியேல் என்ற அந்த ஞானியின் திறமைகளில் ஒன்றாக 'டிசால்விங் ஆஃப் டவுட்ஸ்' என்று வருகிறது. விடை தெரியாத கடினமான கேள்வியைத் தீர்ப்பது. நம்ம ஊர் டவுட் க்ளியரிங் செஷன்தான், வேறென்ன? சுவரில் தோன்றிய புரியாத எழுத்தைப் படித்து அர்த்தம் சொன்னால் இரத்தாம்பரமும் பொற்சரப்பணியும் ராஜ்யத்தில் மூன்றாம் இடமும் தருவதாக பெல்ஷாத்சார் ராஜா சொல்கிறான். எனக்கு ஜூன் மாத ஃபீஸே இன்னும் பாதிப் பேரிடமிருந்து வரவில்லை.