அறுபதில் நின்ற குமிழ்

"கை வைக்காதம்மா. இப்பதான் அடங்கியிருக்கான்."

குறைமாசக் குழந்தைகள் ஐசியுவில், இரவு டியூட்டியில், சீனியர் நர்ஸ் அக்கா சொன்னது இவ்வளவுதான். ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிளெண்டர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் 60 சதவீதம், மானிட்டரில் சேச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பிய சதவீதம், 99. இருபத்தேழு வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 90க்கும் 95க்கும் நடுவில் நின்றால் போதும். அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மணிக்கு, சளியை உறிஞ்ச, சக்‌ஷன் போட்டபோது சேச்சுரேஷன் சட்டென்று விழுந்து, பிள்ளை நீலம் பாரித்துப்போனான். ஆக்சிஜனை ஏற்றித் தேற்றியது அக்காதான். இரண்டு வருஷம்கூட ஆகாத நான் அவரிடம் என்ன வாதாட? டியூட்டி டாக்டர் லேபர் ரூமில் இருந்தார். போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஹேண்டோவர் வரை ஐந்து மணி நேரம். 99, 100, 99 என்று மணிக்கொரு தரம் சார்ட்டில் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் இனிஷியல்.

அந்த 100தான் இன்னும் உறுத்துகிறது. ஹீமோகுளோபின் நிரம்பிவிட்டால் மானிட்டருக்குச் சொல்ல வேறு எண் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 150 ஆனாலும் 300 ஆனாலும் அதே 100தான் காட்டும்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மிஞ்சிய ஆக்சிஜன் செல்லுக்குள் சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறி, நுரையீரலின் காற்றறைச் சுவரைப் புண்ணாக்குகிறது. இவற்றை அடக்கும் நொதிகள் தாய் வயிற்றில் கடைசி வாரங்களில்தான் கூடும். அவனுக்கு அந்த வாரங்களே கிடைக்கவில்லை. அடிபட்ட செல்களும், காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களும் டிஎன்எஃப்-ஆல்பா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-8 கூப்பிட்டால் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வரும். வந்தவை திசுவை அரிக்கும் எலாஸ்டேஸையும் இன்னும் பெராக்சைடையும் கொட்டும். நுண்குழாய் கசியும், காற்றறையில் நீர் கோக்கும். குமிழைத் திருப்பிவிட்டால் ஆக்சிஜன் உடனே குறையும். வந்து சேர்ந்த நியூட்ரோஃபில்கள் அப்படிக் கலைவதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய்க்குப் போகும் குறைமாசக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் உறிஞ்சும் திரவத்தில் இன்டர்லூக்கின்-8 கூடுதலாக இருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று, அவன் நுரையீரல் கெட்டதற்கு அந்த ஐந்து மணி நேரம்தான் காரணம் என்று உறுதியாக நம்பினேன்.

அப்புறம் 1987இல் வந்த எலி ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. டிஎன்எஃப்பையும் இன்டர்லூக்கின்-1ஐயும் முன்கூட்டியே கொடுத்த எலிகள், ஆக்சிஜன் மிகுதியைக் கொடுக்காதவற்றைவிட நன்றாகத் தாங்கின. நுரையீரல் சேதமும் குறைவு. சுவரைக் கெடுக்கிறது என்று நான் நினைத்த அதே பொருள், முன்னாலேயே வந்தால் தற்காப்பு நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவன் அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்து மூன்று நாள் கழித்துத்தான் பிரசவம். கிருமி ஏறி, அழற்சி வயிற்றிலேயே தொடங்கியிருக்கலாம். அது அவனைக் காத்ததா, முதல் அடியே அதுதானா? வென்டிலேட்டர் கொடுத்த அழுத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. எதை எதிலிருந்து பிரிப்பது?

குறைத்திருந்தால் நல்லது என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சேச்சுரேஷனை 85-89இல் வைத்த குழந்தைகளில் 19.9 சதவீதம் இறந்தன. 91-95இல் வைத்தவற்றில் 16.2. குறைவாக வைத்ததில் கண் பாதிப்பு பாதியானது, உயிர் இழப்பு கூடியது. அக்காவின் பயம் வெறும் பயம் இல்லை. ஆனால் நான் குறைக்க நினைத்தது 99இலிருந்து 94க்குத்தானே. இதைச் சொல்லித்தான் என்னைக் குற்றவாளியாக்குகிறேன், இதைச் சொல்லித்தான் அக்காவையும்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டரோடு போனான். ஃபாலோ அப்புக்கு வந்தபோது கன்னம் உப்பியிருந்தது, என் விரலைப் பிடித்து இழுத்தான். விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே போய்ப் போய் வந்தது.

"ஏன் சிஸ்டர் இன்னும் இப்படி இழுக்குது?" என்றாள் அம்மா.

"குறைமாசப் பிள்ளைக்கு அப்படி இருக்கும்மா, வளர வளரச் சரியாகும்" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த இரவைப் பற்றியும் சொல்லவில்லை.